பைத்தானா, குடமிளகாயா?

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு நான் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை வென்றேன்.

கடைசிப் பயிற்சியின் ஓரத்தில் பச்சைக் குறி விழுந்தது. எழுந்து நின்றேன். பால்கனிக் கதவைத் திறந்தேன். பிளோவ்திவ் நகரம் என் காலடியில் கிடந்தது. ஐந்தாம் மாடி என்பதால் எல்லா நாளும் அப்படித்தான் கிடக்கும். அன்று கொஞ்சம் மரியாதையோடு கிடந்ததாக எனக்குப் பட்டது.

"முடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

கீழ்மாடிப் பால்கனியில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்த கொலியோ அண்ணன் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். "எதை? போன வருஷத்து ராக்கியா சாராயத்தையா?"

"ஜாவாஸ்கிரிப்டை, அண்ணே!"

"ஐயோ பாவம்," என்றார். "ரொம்ப வலிச்சுதா?"

கொலியோ அண்ணன் முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். வலைப்பக்கத்துக்கு உயிர் கொடுக்கும் மொழி ஒன்று உண்டு, அது இல்லாவிட்டால் பக்கம் வெறும் சுவரொட்டி, அது வந்தால்தான் பொத்தான் அழுந்தும், பட்டியல் விரியும், படம் நகரும் என்றெல்லாம் அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை விளக்கியிருக்கிறேன். அந்த ஒருமுறை நாலு மணி நேரம்.

எனக்கு வயது ஐம்பத்துநாலு. நகரத்துக் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் உத்தியோகம். பூமிக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். மேலே நடப்பது பெரும்பாலும் தெரியாது. இந்த வயதில் ஒரு புதிய மொழியில் யோசிக்கத் தொடங்குவது, நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறப்பது போல. வெளிச்சம் வரும். தூசியும் தெரியும். ஆனால் வெளிச்சம் வரும்.

குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் என் மடிக்கணினி. மறுமுனையில் என் மனைவி ஸ்தாங்காவின் தையல் இயந்திரம். அவள் தரைத்தளத்து கராஜில் துணி திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். இடுப்புப் பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவாள். பனி கொட்டும் மாதங்களில் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். நான் பாடத்தை வாய்விட்டுத்தான் படிப்பேன். அவள் தைப்பாள். என் குரலும் அவள் இயந்திரமும் மாறி மாறி ஓடும்.

ஒரு விசித்திரம். சில பயிற்சிகள் நான் திறக்கும் முன்பே பச்சைக் குறி வாங்கியிருக்கும். முதலில் திகைத்தேன். பிறகு, என் மூளை என்னையே முந்திக்கொண்டு வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டேன். மேதைகளுக்கு இப்படி நடப்பதுண்டு.

சரி. ஒரு மொழி முடிந்தது. அடுத்து?

இதுதான் எங்கள் சாதியின் தீராத கேள்வி. ஒன்றைக் கற்றவன் சும்மா இருக்கக் கூடாது. இணையத்தில் போய்க் கேட்டேன். ஒருவன் "சர்வர் பக்கம் கற்றுக்கொள், இல்லாவிட்டால் நீ பாதி மனிதன்" என்றான். ஒருவன் தரவுத்தளம் என்றான். ஒருவன் ரஸ்ட் மொழி என்றான், அவனோடு சண்டைக்கு வந்தவன் கோ மொழி என்றான். இருநூற்றுப் பத்துப் பேர் இரண்டு நாள் அடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் ஏழு பெண்கள் வரிசையாக வந்து காபி கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தேன். எல்லாம் அழகு. தூக்கம் போயிற்று, பசி போயிற்று, அலுவலகத்தில் ஒரு தெருவுக்கு இரண்டு குழாய் வரைந்தேன்.

கடைசியில் பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழி என் கையைப் பிடித்தது. தலைநகர் சோஃபியாவில் பத்து நாள் வகுப்பு. தங்குமிடம் உண்டு. செப்டம்பர் பதினைந்தாம் தேதி தொடக்கம். என் வருஷாந்திர விடுப்பும் சரியாகப் பத்து நாள் பாக்கி. விதி இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெயரைப் பதிந்துவிட்டு மனைவியிடம் போனேன்.

"ஸ்தாங்கா, செப்டம்பர்ல பத்து நாள் சோஃபியா போறேன். பைத்தான் படிக்க."

"எப்ப?"

"பதினஞ்சுலேர்ந்து."

வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அவள் ஊசியைக் கீழே வைத்தால் பேச்சு நீளும் என்று பொருள்.

"பதினஞ்சாம் தேதி நூத்தியிருபது கிலோ குடமிளகாய் வருது, லுபென். அதுங்களையும் சோஃபியாவுக்குக் கூட்டிட்டுப் போறியா? தங்க இடம் குடுப்பாங்களா?"

செப்டம்பர் வந்தால் எங்கள் பேட்டையில் யாரும் மனிதர்கள் அல்லர், மிளகாய் சுடுகிறவர்கள். கட்டிடங்களுக்கு நடுவே ஒவ்வொரு முற்றத்திலும் ஓர் இரும்புப் பீப்பாய், அடியில் விறகு. சிவப்புக் குடமிளகாயைக் கருகச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, தக்காளியோடு பெரிய அண்டாவில் போட்டு, துடுப்பு மாதிரி மரக்கரண்டியால் மணிக்கணக்காகக் கிளறினால் லூட்டெனிட்சா என்கிற தொக்கு வரும். அதைப் புட்டிகளில் அடைத்தால்தான் எங்களுக்குக் குளிர்காலம் அதிகாரபூர்வமாகத் தொடங்கும். கடையில் வாங்கித் தின்கிறவனைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

"ஒரு வருஷம் கடையில வாங்கிக்கலாமே," என்றேன் குரலைத் தாழ்த்தி.

ஸ்தாங்கா ஜன்னலைச் சாத்தினாள். "மெதுவா பேசு. கொலியோ காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?"

"என் மூளை சூடா இருக்கு ஸ்தாங்கா! இப்ப விட்டா ஆறிடும்!"

"பீப்பாய் பக்கத்துல நில்லு. ஆறாது."

இப்படி மூன்று நாள். நான்காம் நாள் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. நான் யார்? வலைப்பக்கம் செய்யத் தெரிந்தவன். பிரச்சினை என்ன? முடிவெடுக்க வேண்டும். அப்படியானால் பக்கமே முடிவெடுக்கட்டுமே!

"நம்ம கட்டிடத்துல பி வாசல் வழியா வந்து போற வீட்டுக்காரங்க எல்லாரும் ஓட்டுப் போடட்டும்," என்றேன். "முற்றம் பொது, பீப்பாய் பொது, அண்டா பொது. அப்ப முடிவும் பொது. நான் ஒரு பக்கம் பண்றேன். ரெண்டு பொத்தான். ஒண்ணு பைத்தான், இன்னொண்ணு மிளகாய். எது ஜெயிக்குதோ, என் விடுப்பு அதுக்கு."

வாதாடுவாள் என்று பதினோரு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். பதினொன்றும் வீணாயின.

"சரி," என்றாள்.

"சரியா?"

"சரிதான். நீ படிச்சவன். எனக்கு இந்த மிஷினைப் பத்தி என்ன தெரியும்? ஆனா ஒண்ணு. கொலியோ புஸ்தகத்துல எழுதிடணும்."

கொலியோ அண்ணன் எங்கள் வாசலின் நிர்வாகி. இங்கே ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிர்வாகி, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம், ஒரு முத்திரை. வாசல் கூட்டத்தில் எழுதி முத்திரை குத்திவிட்டால் அது தீர்மானம். கட்டிடம் இடிந்தாலும் தீர்மானம் இடியாது. அன்று மாலையே எழுதினார்: "பதினாலாம் நம்பர் வீட்டு லுபென் பனயோத்தொவின் செப்டம்பர் விடுப்பு, அவரே செய்யும் பக்கம் சொல்லுகிறபடி கழியும். எதிர்ப்பு இல்லை." நான் கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரையை வாயருகே வைத்து ஊதி ஈரமாக்கி ஓங்கிக் குத்தினார்.

"தம்பி, இந்தப் பக்கம் டிக்கெட் குடுக்குமா?" என்று கேட்டார். "ஓட்டுப் போட்டதுக்கு ஒரு சாட்சி வேண்டாமா?"

"சாட்சி நான்தான் அண்ணே."

இப்போது ஒரு விஷயத்தை உங்கள் காதில் மட்டும் சொல்கிறேன். மிளகாய் மணக்கும் பேட்டையில் பைத்தான் ஜெயிக்குமா? நான் கனவு காண்கிறவன்; முட்டாள் அல்ல. அதனால் நிரலுக்குள்ளே சின்னதாக ஒரு வரி சேர்த்தேன். பைத்தானுக்கு விழும் ஒவ்வோர் ஓட்டும் மூன்றாகக் கணக்காகும். மிளகாய்க்கு விழுவது ஒன்றாகவே கணக்காகும். எண்ணிக்கை வெளியே தெரியாது. கடைசியில் ஜெயித்தது எது என்பது மட்டும் பெரிய எழுத்தில் வரும், வண்ணக் காகிதத்துணுக்குகள் மழையாகப் பொழியும். அந்த மழைக்காக மட்டும் இரண்டு நாள் உழைத்தேன். துணுக்குகள் சுழன்று சுழன்று விழும். பார்த்தால் கண் கலங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் மேசை போட்டு மடிக்கணினியை வைத்தேன்.

"ஏன் எல்லாரும் கீழ இறங்கி வரணும்?" என்றார் கொலியோ அண்ணன். "அவங்கவங்க போன்ல போடக் கூடாதா?"

உண்மையைச் சொன்னால், அதற்கு சர்வர் வேண்டும். தூரத்தில் இருந்து ஓட்டுகளை வாங்கிச் சேர்த்துவைக்கும் இன்னொரு கணினி. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட் திறந்திருக்கும் பக்கத்துக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே இறப்பது. பக்கத்தை மூடினால் அதற்கு ஞாபகமும் போய்விடும்.

"ஜனநாயகம்னா நேர்ல வரணும் அண்ணே," என்றேன்.

வந்தார்கள். எங்கள் வீடு நீங்கலாகப் பதினேழு வீடு, வீட்டுக்கு ஓர் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றதும் சண்டை போட்டார்கள். என் நெஞ்சு துள்ளியது. நான் செய்த ஒன்றை ஜனங்கள் தொடுகிறார்கள்! அழுத்தினால் பொத்தான் அமுங்கி எழுகிறது! மூன்றாம் நம்பர் வீட்டம்மாள் எழுந்த பொத்தானைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அழுத்தப் போனாள், பாய்ந்து தடுத்தேன்.

நாலு பேர் போட்டிருப்பார்கள். திரையின் மூலையில் சிவப்பு விளக்கு. மின்சாரம் ஒன்பது சதவீதம். அணைந்தால் பக்கம் போகும், ஓட்டுப் போகும், மூன்றால் பெருக்கும் என் வரியும் போகும்!

"யாரும் எதையும் மூடாதீங்க! ஒயர் எடுத்துட்டு வரேன்!"

"நீ ஓடு, நான் பாத்துக்கறேன்," என்றாள் ஸ்தாங்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். "இந்த மேல் வரிசைப் பொத்தான்லாம் எதுக்கு?"

"அதையெல்லாம் தொடாதே!"

"சேச்சே. எனக்கெதுக்கு?"

ஐந்து மாடி ஏறி, ஐந்து மாடி இறங்கி, ஒயரோடு வந்தேன். அவள் கைகளை மடியில் கட்டிக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டு முடிந்தது. கொலியோ அண்ணன் நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றார். நான் தொண்டையைச் செருமி, முடிவுப் பொத்தானை அழுத்தினேன்.

மழை பொழிந்தது. துணுக்குகள் சுழன்றன. கைதட்டல் கேட்டது. துணுக்குகளுக்குப் பின்னாலிருந்து எழுத்துகள் மெல்லப் பெரிதாகி வந்தன.

குடமிளகாய்.

"குடமிளகாய்," என்று எழுதினார் கொலியோ அண்ணன். முத்திரையை ஊதினார்.

"நில்லுங்க!" என்றேன். "இது நடக்காது! கணக்கு அப்படி வராது!"

"ஏன் வராது?"

"ஏன்னா உள்ள…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"உள்ள என்ன?"

பதினேழு வீடும் என்னைப் பார்த்தது. உள்ளே என்ன என்று சொல்ல வேண்டுமானால், உள்ளே நான் என்ன வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"உள்ள ஒண்ணுமில்ல அண்ணே."

குத்தினார். மேசை அதிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் மேல் வரிசையில் பன்னிரண்டாவது விசையை அழுத்தினேன். அதை அழுத்தினால் எந்த வலைப்பக்கமும் தன் உள்புறத்தைக் காட்டும். யார் கண்ணிலும் படாத நிரல், யாரும் கேட்காத எண்கள், எல்லாம். பார்த்தேன். என் மூன்று அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் பைத்தானுக்குப் பக்கத்தில் இல்லை. மிளகாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பைத்தானுக்கு ஒன்று.

அதற்கும் கீழே நிஜமாக விழுந்த ஓட்டுகள் இருந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

மிளகாய் ஏழு. பைத்தான் பத்து.

நான் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன்.

கொலியோ அண்ணனைப் படிக்கட்டில் பிடித்தேன். "அண்ணே, நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"பைத்தானுக்குத்தான். வாசல்ல பாதிப் பேர் அதுக்குத்தான் போட்டிருப்பாங்க."

கண் கலங்கிவிட்டது. "என் படிப்பு மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா!"

"போன செப்டம்பர்ல பீப்பாய்கிட்ட நின்னு ஆறு நாள் இன்டர்நெட்டைப் பத்திப் பேசினே, தம்பி. அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப தெரியும் வேற. சோஃபியாக்காரன் கொஞ்ச நாள் கேக்கட்டுமேன்னு பாத்தோம்."

வீட்டுக்கு வந்தேன். ஸ்தாங்கா ஒரு கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே மாத்தினே?"

"எதை?"

"மூணை."

"எந்த மூணு? ஓ, நீ திருட்டுத்தனமா வெச்சிருந்தியே, அதுவா?" கத்தரியை வைத்தாள். "எந்தத் துணி குடுத்தாலும் முதல்ல உள்ள திருப்பித்தான் பாப்பேன். உன்னுது ஒரு நிமிஷ வேலை. ஓட்டோட எடைன்னு பேர் போட்டுப் பளிச்சுனு எழுதி வெச்சிருக்கே. ஒளிக்கவாவது தெரிய வேண்டாமா?"

"உனக்கு எப்படி… எங்க கத்துக்கிட்டே?"

"குளிர்காலம் பூரா இந்த மேசையில நீதானே கத்திக் கத்திப் படிச்சே? எனக்குக் காது இல்லையா? நீ பதினஞ்சாவது பாடத்துல அஞ்சு நாள் முட்டிக்கிட்டு நின்னே. பாக்க சகிக்கல. நீ ஆபீஸ் போனப்புறம் நானே போட்டு முடிச்சேன்."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அவள் கோட்டின் உள்துணியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், வேறு குரலில் சொன்னாள்.

"முப்பது வருஷமா ஊரார் துணியை வெட்டறேன், லுபென். தப்பா வெட்டிட்டா போச்சு. துணி போச்சு, பேரும் போச்சு. கத்தரி வெக்கும்போது இன்னிக்கும் கை நடுங்கும். இந்தக் கம்ப்யூட்டர்ல தப்பா வெட்டினா, அழிச்சிட்டு மறுபடி வெட்டலாம். எத்தனை தடவை வேணா. இப்படி ஒண்ணு உலகத்துல இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லல."

முப்பது வருஷமாக நடுங்கும் கை எதிர்முனையில்தான் இருந்திருக்கிறது. நான் பூமிக்கு அடியில் குழாய் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி," என்றேன் இறங்கிய குரலில். "வகுப்புக்குப் போன் பண்ணி இடத்தை ரத்து பண்ணிடறேன்."

"எதுக்கு ரத்து? நேத்தே பேசிட்டேன். பேரை மாத்தியாச்சு. லுபெனுக்குப் பதிலா ஸ்தாங்கா, பொம்பளைப் பேராக்க பனயோத்தொவ்ங்கிறதுக்குப் பின்னால ஒரு எழுத்து சேத்துக்கோங்கன்னேன், அவ்வளவுதான்."

"நேத்தேவா? ஓட்டு இன்னிக்குத்தானே!"

"ஆமா," என்றாள். "உன் பெரிய பை எங்க இருக்கு?"

நோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கொலியோ அண்ணனிடம் முறையிட்டேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "லுபென் பனயோத்தொவின் விடுப்பு. இதுல உன் பேர்தான் இருக்கு தம்பி. அவ பேர் இல்ல. அவ எங்க வேணா போலாம்."

பதினைந்தாம் தேதி காலை கராஜ் கதவில் "பத்து நாள் கடை இல்லை, படிக்கப் போயிருக்கிறேன்" என்று எழுதி ஒட்டிவிட்டு ஸ்தாங்கா பேருந்து ஏறினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்த முகத்தில், எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட இல்லாத ஒரு வெளிச்சம். பேருந்து போனதும் லாரி வந்தது. நூற்றிருபது கிலோ.

நாலாம் நாள் அண்டா முன்னால் நிற்கும்போது போன் அடித்தது.

"லுபென்! லுபென், இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா!" மூச்சு விடாமல் பேசினாள். அவளுக்குச் சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. "ஒரு வலைப்பக்கம் செய்யறவன் செய்யவே கூடாத தப்பு எதுன்னு வாத்தியார் கேட்டாரு. யாருக்கும் தெரியல. நான் கையைத் தூக்கி, காப்பி பண்ணி எடுத்துட்டு வந்த உன் பக்கத்தைக் காட்டினேன். பூட்டிட்டு சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போறவன் இவன்தான்னு சொல்லி, அரை மணி நேரம் அதை வெச்சே பாடம் நடத்தினாரு! வகுப்பே கை தட்டிச்சு!"

"என் பேரைச் சொல்லிட்டியா?"

"சேச்சே. எங்க வீட்டுக்காரர்னு மட்டும்தான் சொன்னேன்."

எனக்கும் ரத்தம் சூடாயிற்று. விடுவேனா? அந்த மூன்றை உண்மையில் எங்கே வைத்திருக்க வேண்டும், சர்வர் என்றால் என்ன, அது எப்படி ஓட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், இந்த நாலு நாளில் அண்டா முன்னால் நின்று நான் என்னவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று கொட்டித் தீர்த்தேன். முற்றத்தின் மறுகோடியில் கொலியோ அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்தார். நான் நிறுத்தவில்லை. அவளும் குறுக்கே பேசவில்லை. ஆகா, கேட்கிறாள், என்னிடமும் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று பூரித்துப் போனேன்.

"என்ன, ஸ்தாங்கா, சத்தத்தையே காணோம்? புரியுதா?"

"புரியுது. தொக்கு அடி பிடிக்குது பாரு."

"நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"கிளறுற மனுஷனுக்கு மூச்சு வாங்கும், லுபென். நீ பத்து நிமிஷமா மூச்சு வாங்காமப் பேசறே."

குனிந்து பார்த்தேன். பிடித்திருந்தது.